கட்டைபறிச்சான் வீதியில் மோட்டார் சைக்கிள்: தகுதிப் பரிசோதனையின் சமூக அடிப்படை பற்றிச் சில குறிப்புகள்

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கமொன்றின் ஆய்விதழில் மோட்டார் சைக்கிள் பற்றிய கட்டுரை இடம்பெறுவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். சங்கச் செய்யுளின் திணை மரபு, கல்வெட்டுக்கள் தரும் நிலவுடைமைச் செய்திகள், நாவலின் தோற்றம் முதலியனவே இத்தகைய இதழ்களில் நாம் வழக்கமாகக் காண்பவை. ஆயின், இலக்கியத்தைச் சமூகத்தின் உற்பத்தி வாழ்விலிருந்து பிரித்து நோக்கலாகாது என ஓயாது வற்புறுத்தும் நாம், அவ்வாழ்வு இன்று எக்கருவிகளைக் கொண்டு நடைபெறுகின்றது என்பதை அறியாதிருத்தல் பொருந்தாது. மன்னர்தம் தேரின் சில்லைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதத் துணியும் ஒருவர், தம் மாணவனின் தந்தை நாள்தோறும் ஏறிச் செல்லும் வாகனத்தின் சில்லைப் பற்றி எழுதக் கூசவேண்டியதில்லை.

நாம் எடுத்துக்கொள்ளும் இடம் கட்டைபறிச்சான். திருகோணமலை மாவட்டத்தில் கொட்டியாரக் குடாவின் தென்புறத்தே, மூதூரிலிருந்து சம்பூர் நோக்கிச் செல்லும் வழியில் உள்ள சிற்றூர் அது. குடாவைச் சுற்றிய போக்குவரத்து நெடுங்காலம் நீரையே நம்பியிருந்தது. மூதூரிலிருந்து திருகோணமலைப் பட்டினத்துக்கு இயந்திரப் படகிற் செல்வர். தரைவழியே செல்வோர் துறைக்குத் துறை பாதைப்படகுக்குக் காத்து நிற்பர். 2009 ஒக்ரோபரில் 396 மீற்றர் நீளமுடைய கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டமையும், அதனையடுத்து உப்பாறு, கங்கை, இறால்குழி ஆகிய இடங்களிற் பாலங்கள் எழுந்தமையும் இந்நிலையை மாற்றின. பாலம் வந்ததும் மோட்டார் சைக்கிளின் எல்லை விரிந்தது. முன்னர் வயலுக்கும் சந்தைக்கும் மட்டும் ஓடிய வாகனம் பட்டினத்துக்கும் ஓடத் தொடங்கிற்று.

(வாகனத்தின் தகுதி பற்றிய பேச்சு இக்குடாவுக்குப் புதிதன்று. 1659 இல் மசூலிப்பட்டினத்தருகே வீசிய புயலிற் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் பழுதுபார்ப்பதற்கென்று கொட்டியாரக் குடாவுக்கே அனுப்பப்பட்டது. பழுதுபார்க்க வந்தவர்கள் 1660 இற் கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். அவருள் ஒருவரான றொபேட் நொக்ஸ் ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின்னர் தப்பிச் சென்று எழுதிய நூல் 1681 இல் வெளியாயிற்று. தகுதியற்ற வாகனத்தில் வந்ததற்கு இத்துணைப் பெருந்தண்டம் செலுத்தியவர் வேறெவரும் இப்பகுதியில் இலர்.)

மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினம் 'தோணி' என்னும் சிறுகதையால் ஈழத்து வாசகரிடையே நன்கறியப்பட்டவர். அப்பகுதியின் உழைப்பாளிக்குத் தோணி வகித்த இடத்திற் பெரும் பகுதியை இன்று மோட்டார் சைக்கிள் வகிக்கின்றது என்றால் அது மிகையன்று. நெல் மூட்டை, மீன் பெட்டி, பாற்கான், விறகு, பசளைப் பை, மனைவியும் இரு பிள்ளைகளும் என அனைத்தையும் தாங்குவது ஏறத்தாழ 100 கனசென்ரிமீற்றர் கொள்ளளவுடைய ஓர் இயந்திரமே. நகரத்து நடுத்தர வர்க்க இளைஞனுக்கு அது பொழுதுபோக்கு. இவ்வூர் உழைப்பாளிக்கோ உற்பத்திச் சாதனம். இவ்வேறுபாட்டை மறந்து வாகனப் பரிசோதனையைப் பற்றிப் பேசுவது பயனற்றது. இலங்கையிற் பதிவுசெய்யப்பட்ட மோட்டார் வாகனங்களில் அரைவாசிக்கும் அதிகமானவை மோட்டார் சைக்கிள்கள் என்பதையும், ஆண்டுதோறும் வீதி விபத்துக்களில் மடியும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருள் மோட்டார் சைக்கிளிற் சென்றோரே மிகப் பெரிய பிரிவினர் என்பதையும் இவ்விடத்து மனங்கொள்ளல் வேண்டும்.

இனி, சட்டம் யாது கூறுகின்றது எனப் பார்ப்போம். இலங்கையில் வாகனங்களை ஆள்வது 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். பலமுறை திருத்தப்பட்ட இச்சட்டத்தின்கீழ், பொருள் ஏற்றும் லொறிகளும் பயணிகளை ஏற்றும் பஸ்களும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுமுன்னர் தகுதிச் சான்றிதழ் பெறுதல் வேண்டும். தனியார் மோட்டார் சைக்கிளுக்கு அத்தகைய ஆண்டுப் பரிசோதனை இல்லை. அதன் உரிமையாளர் பிரதேச செயலகத்தில் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது காட்டவேண்டியவை காப்புறுதிச் சான்றிதழும் புகைப் பரிசோதனைச் சான்றிதழுமேயாம். புகைப் பரிசோதனை 2008 இன் இறுதியில் மேல் மாகாணத்திலே தொடங்கி, பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. அதனை நடத்தும் பொறுப்பு இரு தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆக, வாகனத்திலிருந்து வெளிவரும் காற்றை ஆண்டுதோறும் அளக்கின்றோம். அவ்வாகனம் நிற்குமா நிற்காதா என்பதை அளப்பதில்லை.

அளப்பதேயில்லை எனக் கூறுவதும் முற்றிலும் சரியன்று. வீதியில் மறிக்கும் பொலிசார் கண்ணாற் கண்டு குற்றப்பத்திரம் எழுதுவர். ஆயின் மோட்டார் வாகனப் பரிசோதகர் ஒருவர் மோட்டார் சைக்கிளின் பிறேக்கையும் ஸ்டியரிங்கையும் கழற்றிப் பார்த்து அறிக்கை எழுதும் சந்தர்ப்பம் பெரும்பாலும் ஒன்றேயுண்டு: பாரதூரமான விபத்தொன்று நிகழ்ந்து, வழக்கு நீதிமன்றுக்குச் செல்லும் சந்தர்ப்பம். ஓட்டிச் சென்றவனின் உடல் வைத்தியசாலையிற் பிரேத பரிசோதனைக்கு உட்படுகையில் அவனுடைய வாகனம் பொலிஸ் நிலைய முற்றத்தில் வேறொரு பரிசோதனைக்கு உட்படுகின்றது. இரண்டும் காலங்கடந்தவை.

புகைப் பரிசோதனையின் இயல்பைச் சற்று விளக்குதல் நன்று. இயந்திரம் சூடேறிய பின்னர், ஓடாது நின்ற நிலையில் அதனை இயங்கவிட்டு, சைலன்சரின் வாயினுள்ளே ஒரு குழலைச் செலுத்துவர். வெளிவரும் வாயுவினூடே அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சி, காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோகாபன்களும் எவ்வளவு உள எனக் கருவி கணிக்கும். பெற்றோல் முற்றாக எரிவதற்கு நிறையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். காற்றுக் குறைந்தால் எரிதல் குறையுற்று, காபனோரொட்சைட்டு மிகும். எனவே பரிசோதனையில் தோல்வியுறுவதற்கு முதற் காரணம் பெரும்பாலும் அடைபட்ட காற்று வடியாகவே இருக்கும். அறுவடைக் காலத்து வயற் பாதையில் ஓடும் வாகனத்தின் வடி, நகரத் தெருவில் ஓடுவதன் வடியைவிட எத்துணை விரைவில் தூசியால் நிரம்பும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. காபரேற்றரின் கலவைத் திருகாணி பிசகியிருத்தல், அதன் மிதவையோ ஊசியோ தேய்ந்து பெற்றோல் மிகுதியாகப் பாய்தல் என்பன அடுத்தவை. ஐதரோகாபன் மிகுவதற்குத் தேய்ந்த பிளக், பலங்குன்றிய தீப்பொறி, வால்வு சரியாக மூடாமை ஆகியன காரணமாகலாம். பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்து எஞ்சின் எண்ணெய் எரியத் தொடங்கினால் நீலப் புகை கண்ணுக்கே தெரியும். அதற்குக் கருவி வேண்டியதில்லை.

கடற்கரையூர்களுக்கே உரிய ஒரு காரணத்தையும் இங்கு குறிப்பிடல் தகும். உப்புக் காற்றினாற் சைலன்சர் உட்புறமாகத் துருப்பிடித்து ஊசித்துளைகள் விழுகின்றன. அத்துளைகள் வழியே வெளிக்காற்றுப் புகுந்து கழிவு வாயுவோடு கலப்பின் அளவீடு நம்பத்தகாததாகிவிடும். ஆகவே சைலன்சர் ஒழுகும் வாகனத்தைப் பரிசோதகர் முதலிலேயே திருப்பி அனுப்புவர். துளையை ஒட்டியடைத்துக்கொண்டு அடுத்த நாள் வருவோர் பலர். இன்னொரு வழக்கமும் உண்டு. பரிசோதனைக்கு முதல் நாள் கலவையை மெலிதாக்கித் தருமாறு கராச்சிற் கேட்பர். சான்றிதழ் கைக்கு வந்ததும் திருகாணி பழைய இடத்துக்குத் திரும்பும், இல்லையேற் பாரம் ஏற்றிய வண்டி இழுக்காது. இதனை நாம் நாணயக்கேடு எனப் பழிக்கமாட்டோம். உழைப்பின் தேவை ஒன்றாகவும் சான்றிதழின் தேவை வேறொன்றாகவும் இருக்கும்வரை இவ்வழக்கம் நீடிக்கும்.

எமது சொந்த அனுபவமொன்றையும் கூறலாம். சில ஆண்டுகளுக்கு முன்னர் எம்மிடமிருந்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று பரிசோதனை நிலையமொன்றில் முதன்முறையிலேயே சித்தியெய்தியது. அச்சான்றிதழைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கட்டைபறிச்சானில் உள்ள நண்பரொருவரின் இல்லத்துக்கு மாலை வேளையிற் சென்றோம். பாலத்தை அணுகியபோது மாடுகள் சில வீதியிற் குறுக்கிட்டன. பின் பிறேக்கை மிதித்தோம். மிதி அடிவரை இறங்கிற்று, வண்டி நிற்கவில்லை. மாட்டின் விலாவில் உரசி, வீதியோரப் புல்லில் விழுந்தோம். முழங்கைத் தோல் உரிந்ததைத் தவிர எமக்கொன்றும் நேரவில்லை. மாடு எம்மைத் திரும்பியும் பாராது நடந்தது. மறுநாட் சில்லைக் கழற்றிய திருத்துநர், பிறேக் சப்பாத்தின் உராய்வுப் பட்டை முற்றாகத் தேய்ந்து இரும்பு இரும்போடு உரசியிருந்ததைக் காட்டினார். அது ஒரு வாரத்திலே தேய்ந்ததன்று. நாம் சான்றிதழ் பெற்ற நாளிலும் அது அவ்வாறே இருந்திருக்கும். 'புகை நல்லாத்தானே இருக்கு, சேர்' என்றார் அவர், சிரிக்காமல்.

ஆகவே, முறையான தகுதிப் பரிசோதனை நடைபெறும் நாடுகளில் மோட்டார் சைக்கிள்கள் எவற்றாற் தோல்வியுறுகின்றன என்பதை நோக்குதல் பயனுடையது. பிரித்தானியாவில் 1960 இல் இத்தகைய பரிசோதனை தொடங்கியபோது பத்தாண்டு கடந்த வாகனங்களே அதற்கு உட்பட்டன. பிறேக், விளக்கு, ஸ்டியரிங் என்னும் மூன்றே அன்று பரிசோதிக்கப்பட்டன. தோல்வி வீதம் எதிர்பார்த்ததினும் மிகுதியாயிருந்தமையால் வயதெல்லை படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1967 இல் மூன்றாண்டாயிற்று. ரயர் 1968 இற் சேர்க்கப்பட்டது. தோல்விக்கான காரணங்களில் விளக்கும் சமிக்ஞையும், பிறேக்கும், ரயரும், ஸ்டியரிங்கும், அதிர்வுதாங்கியும் முன்னிற்பவை. நுட்பம் மாறினாலும் தேய்மானத்தின் இடங்கள் பெரிதும் மாறவில்லை.

இவற்றை எமது வீதியோடு பொருத்திப் பார்ப்போம். பிறேக்கைப் பொறுத்தவரை, இங்குப் பெருவழக்கிலுள்ள சிறிய வாகனங்கள் பலவற்றில் இருப்பது டிரம் வகை. அதன் உராய்வுப் பட்டை தேயத் தேயக் கம்பியின் நட்டைத் திருகி இறுக்குவர். இறுக்குதல் தேய்மானத்தைப் போக்குவதில்லை, மறைக்கின்றது. பிறேக் நெம்பு, கம்பி இழுக்கும்போது தன் அச்சுக்குச் செங்குத்தான நிலையைத் தாண்டிவிடின் விசை குன்றும். டிரம்மின் வெளிப்புறத்தே பெரும்பாலும் ஓர் அம்புக்குறி உண்டு. பிறேக் பிடிக்கையில் அது குறித்த எல்லையைக் கடக்குமாயின் பட்டை மாற்றப்படல் வேண்டும். இந்த அம்புக்குறியின் பொருளை அறிந்தோர் எம் மாணவருள் எத்தனை பேர் எனக் கேட்டுப் பார்த்தோம். விடையை இங்கு எழுத விரும்பவில்லை. மழைக்காலத்து வெள்ளத்தினூடே சென்ற பின்னர் டிரம்மினுள் நீர் தங்கிச் சிறிது நேரம் பிறேக் வேலை செய்யாதிருக்கும். வேகம் இருமடங்கானாற் பிறேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்ற பௌதிகம் க.பொ.த. சாதாரண தர மாணவனும் அறிந்தது. பாரம் மிகும்போது தேய்ந்த பிறேக் அத்தூரத்தை மேலும் நீட்டும் என்பதை நெல் மூட்டை ஏற்றுபவன் அனுபவத்தால் அறிவான்.

மொட்டை ரயர் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. பிரித்தானியச் சட்டம் 50 கனசென்ரிமீற்றருக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளின் ரயரில் ஒரு மில்லிமீற்றர் ஆழமான வரிப்பள்ளமேனும் இருத்தல் வேண்டும் என்கிறது. இங்கோ, உள்ளிருக்கும் நூல் வெளித்தெரியும்வரை ஓடிய பின்னரே ரயர் மாற்றப்படும். பின் ரயர் தேய்ந்ததும் முன் ரயரைப் பின்னுக்கு மாற்றிப் போடுவோரும் உளர். ஸ்டியரிங்கின் தாங்கிக் குண்டுகள் கிரவல் வீதியின் இடியாற் குழிவிழுந்துவிடும். கைபிடியைத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்திற் 'கடக்' என்று பிடிப்பது அதன் அடையாளம். பின் சங்கிலி தொய்ந்து பற்சில்லிலிருந்து கழன்றால் அது பின் சில்லையே பூட்டிவிடக்கூடும். விளக்குகளைப் பற்றிச் சொல்லின், பற்றறி பழுதான வாகனம் காலால் உதைத்து இயங்கும், ஆகவே ஓடும்; ஆனாற் சமிக்ஞை விளக்கு மங்கிவிடும், ஊதுகுழல் முனகும். மாடுகளும் சைக்கிள்களும் நடப்போரும் நிறைந்த, தெருவிளக்குக் குறைந்த வீதியில் பின் விளக்கில்லா வாகனம் ஓட்டுபவனுக்கு மட்டுமன்றிப் பிறர்க்கும் யமனாகின்றது.

இவை யாவும் இயந்திரத்தின் தோல்விகள். பத்திரங்களின் தோல்வி வேறு. மோட்டார் சைக்கிள் ஒன்று பலர் கைமாறியும் பதிவுப் புத்தகத்தில் முதலாமவரின் பெயரே நிற்பது நாடெங்கும் காணப்படும் வழக்கம். ஒப்பமிட்ட உரிமைமாற்றப் படிவத்தை மட்டும் கைக்குக் கை கொடுத்து விற்பனையை முடித்துவிடுவர். லீசிங் முறையில் வாங்கிய வாகனத்துக்கோ இரு உரிமையாளர்: ஓட்டி உழைப்பவர் பதிவுசெய்த உரிமையாளர், கடன் தீரும்வரை நிதி நிறுவனமே முழு உரிமையாளர். உடைமைக்கும் உழைப்புக்கும் இடையிலான பிளவை விளக்க விரும்பும் ஆசிரியருக்கு இதனைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. தவணைக் கட்டணமும் பிறேக் பட்டையும் ஒரே மாதத்தில் எதிர்ப்படின் எது முதலிற் செலுத்தப்படும்? தவணை தவறினால் வாகனம் பறிக்கப்படும். பட்டை தேய்ந்தால் விபத்து நிகழவும் கூடும், நிகழாதிருக்கவும் கூடும். உழைப்பாளி நிச்சயமான இழப்பைத் தவிர்த்து நிச்சயமற்றதை ஏற்கின்றான். இதனை அறியாமை என்பார் அவனுடைய கணக்கை அறியாதவர்.

போரும் தன் பங்கைச் செலுத்திற்று. 2006 இற் கொட்டியாரப் பற்றில் மூண்ட சண்டையால் சம்பூரும் அயலூர்களும் வெறிச்சோடின. சம்பூர் உயர்பாதுகாப்பு வலயமாக்கப்பட்டமையால் அம்மக்களுட் பலர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் ஆகிய இடங்களின் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். 2015 இலிருந்தே காணிகள் மீளக் கிடைக்கத் தொடங்கின. வீட்டை விட்டோடியவரிடம் பதிவுப் புத்தகத்தை ஏன் எடுத்துவரவில்லை எனக் கேட்பது எளிது. 1990களில் யாழ்ப்பாணத்தில் எரிபொருட் தடை நிலவியபோது, சில துளி பெற்றோலால் இயக்கித் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களையும் இங்கு நினைவுகூரலாம். வெண்புகை கக்கிய அவ்வாகனங்கள் எந்தப் புகைப் பரிசோதனையிலும் தேறியிரா. ஆயினும் நோயாளரையும் கர்ப்பிணிகளையும் வைத்தியசாலைக்குச் சேர்த்தவற்றுள் அவையும் அடங்கும்.

அண்மைய நெருக்கடியும் தேய்மானத்தைக் கூட்டிற்று. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் வாகனங்களுக்கு அது 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்திற் பழைய மோட்டார் சைக்கிளின் விலை புதியதன் முன்னைய விலையை எட்டியும் தாண்டியும் சென்றது. ரூபாவின் வீழ்ச்சியால் உதிரிப்பாகம் எட்டாப் பொருளாயிற்று. 2022 யூலையில் எரிபொருட் பங்கீடு தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றரே கிடைத்தது. ஓய்வுபெறவேண்டிய வாகனம் ஓடிக்கொண்டேயிருந்தது. மாற்றவேண்டிய பாகம் மாற்றப்படாதே இருந்தது.

இந்நிலையிற் கட்டாயத் தகுதிப் பரிசோதனை வேண்டும் என்று கேட்பது ஏழையின் தலையில் மேலுமொரு சுமையை ஏற்றுவதன்றோ என எமது தோழர் சிலர் வினவுகின்றனர். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. இந்தியாவிலே 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ்த் தனியார் வாகனப் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். அதன் பின்னர் வாகனத்தைப் பரிசோதித்தே ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பர். அப்பரிசோதனைகள் இடைத்தரகரின் வருவாயாகச் சீரழிந்த கதைகளை நாம் கேட்டிருக்கின்றோம். எனினும், பரிசோதனை என்னும் நிறுவனத்தின் வரலாற்றை நோக்கின் வேறொரு முகமும் தெரியவரும். 1833 ஆம் ஆண்டின் ஆங்கிலத் தொழிற்சாலைச் சட்டம் நியமித்த பரிசோதகர்களின் அறிக்கைகளை மார்க்ஸ் 'மூலதனம்' முதற் பாகத்தில் எத்துணை விரிவாகப் பயன்படுத்தினார் என்பதையும், லெனாட் ஹோணர் என்னும் பரிசோதகர் தொழிலாளர்க்கு ஆற்றிய பணியை எவ்வளவு மதித்தார் என்பதையும் அந்நூலைப் பயின்றோர் அறிவர். தொழிற்சாலை முதலாளிகளே நீதவான்களாக அமர்ந்து தம்மவரை விடுதலை செய்ததையும் அதே நூல் காட்டுகின்றது. கப்பலிற் பாரம் ஏற்றும் எல்லையைக் குறிக்கும் பிளிம்சோல் கோடு 1876 இற் கட்டாயமாயிற்று. ஆனால் அக்கோட்டை எவ்விடத்தில் இடுவது என்பது 1890 வரை கப்பல் உரிமையாளரின் விருப்புக்கே விடப்பட்டிருந்தது. பரிசோதனை தன்னளவில் உழைப்பாளிக்குப் பகையுமன்று நட்புமன்று. அதனை நடத்துபவர் யார், செலவைச் சுமப்பவர் யார், தோற்றவனுக்கு அடுத்து நிகழ்வது யாது என்பனவே அதன் இயல்பைத் தீர்மானிக்கின்றன.

எமது கருத்து இதுவே. புகைப் பரிசோதனைக்கு வாகனம் எப்படியும் ஆண்டுக்கொருமுறை கொண்டுவரப்படுகின்றது. அவ்வேளையிலேயே பிறேக், ரயர், ஸ்டியரிங், சங்கிலி, விளக்கு ஆகிய ஐந்தையும் பார்த்தல் இயலும். ஒரு வாகனத்துக்குப் பத்து நிமிடத்துக்கு மேற் செல்லாது. தோல்வியுற்றவனுக்குத் தண்டம் விதிக்காது, குறையை எழுதிக் கொடுத்துத் தவணை அளித்து, மறுபரிசோதனையைக் கட்டணமின்றி நடத்தல் வேண்டும். பிறேக் பட்டை, ரயர் போன்ற பாதுகாப்புப் பாகங்களின் மீதான இறக்குமதி வரியைக் குறைப்பதும், கிராமியக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியே அவற்றை விற்பதும் அரசினால் ஆகாதவையல்ல. பசளையை அவ்வழியே விற்ற நாடு இது.

அதுவரையில், கட்டைபறிச்சானில் எமது நண்பர் தம் முற்றத்திற் செய்வதை வாசகரும் செய்து பார்க்கலாம். வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, முன் சில்லு நிலத்திற் படாதவாறு ஒருவரைப் பின்னால் அழுத்தச் சொல்லுக. கைபிடியை ஒரு புறமிருந்து மறுபுறம் மெதுவாகத் திருப்புக. நடுவிற் பிடிக்கின்றதா எனக் கவனிக்குக. முன் கவையின் அடிப்பகுதியைப் பற்றி முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்குக, ஆட்டம் இருத்தலாகாது. பின் சில்லைச் சுழற்றிவிட்டுப் பிறேக்கை மிதித்து, டிரம்மில் உள்ள அம்புக்குறி எங்கே நிற்கின்றது என்று குனிந்து நோக்குக. எஞ்சினை இயக்கத் தேவையில்லை.